ஐந்தாவது ஏன்

எனக்கு வந்த நோயின் பெயர் முடக்கு வாதம். வந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. பெயரைக் கேட்ட யாரும் நோயைப் பற்றி அடுத்த கேள்வி கேட்டதில்லை, “இந்த வயசுலயா?” என்று என் வயதைப் பற்றித்தான் கேட்டார்கள். வரிசையில் முந்திப் போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டவளைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். ஆகவே வெளியே சொல்வதை நிறுத்திவிட்டேன். அதைவிடப் பெரிய காரணமும் ஒன்று இருந்தது. கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்.

இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வந்த பிறகு, அதற்குப் பாகங்கள் செய்து தரும் கம்பெனிகள் சுற்றுவட்டாரத்தில் முளைத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நான் இருந்தது அப்படி ஒன்றில். பிரேக்குக்குள் போகும் விரல் நீள இரும்புத் துண்டு ஒன்று மிஷினிலிருந்து எண்ணெயோடு வரும். அதைத் துடைத்து, டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கீறல் இல்லையென்றால் ட்ரேயில் அடுக்க வேண்டும். லைனில் இருந்த பெண்கள் எல்லோரும் என்னைப் போலத் தெற்கத்திச் சீமையிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள். எல்லோரும் கான்ட்ராக்ட். வருடம் ஒருமுறை மெடிக்கல் பார்த்துவிட்டுத்தான் புதுப்பிப்பார்கள்.

என் நோய்க்கு மாப்பிள்ளை முறுக்கு உண்டு. காலையில் விரலெல்லாம் முறைத்துக்கொண்டு நிற்கும், சீப்பைக்கூடப் பிடிக்க விடாது. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் இறங்கி வரும். மத்தியானம் பார்த்தால் இவ்வளவு நல்ல விரலா என்று தோன்றும். கம்பெனி மெடிக்கல் நடந்ததெல்லாம் மத்தியானத்தில். டாக்டர் எடை பார்த்தார், கண் பார்த்தார், கையை நீட்டு என்றார், நீட்டினேன். இரண்டு வருடம் அப்படியே தப்பித்தேன். மூன்று மணிக்குத் தொடங்கும் இரண்டாம் ஷிப்டைப் பெண்கள் யாரும் விரும்பமாட்டார்கள் என்பதால், மாற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் என் காலை ஷிப்டைக் கொடுத்து நல்லவள் என்று பெயரும் வாங்கியிருந்தேன்.

நாங்கள் குடியிருந்தது பிள்ளைப்பாக்கத்தில். கழனியைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு, வந்த பணத்தில் ஒரே வரிசையாக ஆறு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்த ஓர் அக்காவின் இடம். என்னுடன் அறையில் இருந்தவள் எங்கள் தாலுகாக்காரி, வேறு கம்பெனியில் வேலை. என் நோய் அவளுக்கு மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடும் மாத்திரையைப் பவுடர் டப்பாவில் ஒளித்து வைத்திருந்தேன். அதைப் போட்டால் திங்கட்கிழமை முழுக்கக் குமட்டும். வீட்டுக்கார அக்கா அதைப் பார்த்துவிட்டு வாயு என்று முடிவு செய்து, உருளைக்கிழங்கு சாப்பிடாதே என்றார். அதற்குள் என்னைப் பற்றி வேறு மாதிரிக் கணக்குப் போட்ட பக்கத்து அறைக்காரிகளையும் அவரே அடக்கினார் என்பதால் வாயு என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காஞ்சிபுரத்தில் நான் பார்த்த டாக்டர், விரலைச் சும்மா வைத்திருந்தால் அப்படியே நின்றுவிடும், தினமும் வேலை கொடு என்றார். பந்தை அமுக்கச் சொன்னார். ஒரு வாரம் அமுக்கினேன். அதைவிட அலுப்பான காரியம் உலகத்தில் இல்லை. அந்த நேரத்தில்தான் என் கண் பனியன் வேஸ்ட் மேல் விழுந்தது.

எண்ணெய் துடைக்க எங்களுக்குத் தருவது பனியன் வேஸ்ட். திருப்பூரில் பனியன் வெட்டியதுபோக மிஞ்சும் துண்டுகளை மூட்டையாகக் கட்டி அனுப்புவார்கள். வெள்ளைத் துண்டு விலை அதிகம் என்று எங்கள் கம்பெனி கலர் வாங்கியது. கிளிப்பச்சை, கத்தரிப்பூ நிறம், ஏதோ இங்கிலீஷ் எழுத்தின் பாதி வால் என்று மூட்டையைப் பிரித்தால் தேர்த் திருவிழாக் கடை மாதிரி இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் அந்த வருடம் என்ன நிறத்தில் உடுத்தப்போகிறார்கள் என்று எங்கள் லைனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். நான் நல்ல துண்டாகப் பார்த்து நாளுக்கு ஒன்று மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு வெளியே வருவேன். கேட்டில் நின்ற செக்யூரிட்டி அம்மா கையில் வைத்திருந்த கருவி இரும்புக்குத்தான் கத்தும். துணிக்குக் கத்தவில்லை. இதைத் திருட்டு என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

முதலில் கிளி தைக்கப் பார்த்தேன். தைக்க ஆரம்பிக்கும் பெண்கள் எல்லோரும் கிளிதான் தைப்பார்கள் என்று யாரோ என் தலையில் ஏற்றியிருந்தார்கள். மெல்லிய ஊசி என் விரலில் நிற்கவில்லை. கோணி தைக்கும் ஊசியை வாங்கினேன். அது வளைந்து போக மறுத்தது, அல்லது என் விரல் மறுத்தது. கிளியின் முதுகு நேராகப் போய், மூக்கு சதுரமாகி, கடைசியில் அது கன்டெய்னர் லாரி மாதிரி வந்து நின்றது. அறைத்தோழி பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் எனக்கு ஆத்திரம் வந்தது. சரி, லாரி என்றால் லாரியே இருக்கட்டும் என்று அதற்குக் கறுப்பில் சக்கரம் வைத்தேன். சக்கரமும் சதுரம்.

அதன்பின் பழைய போர்வை ஒன்றின் மேல் நேர்கோட்டில் வருவதை மட்டும் ஒட்டித் தைக்க ஆரம்பித்தேன். அந்தப் பக்கத்தில் அதற்கா பஞ்சம்? கம்பெனி பஸ் ஜன்னலில் பார்த்தால் எல்லாம் நேர்கோடு. கல் நட்டுப் பிரித்த மனைகள், அதன் மேல் பறந்த ரியல் எஸ்டேட் கொடிகள், கம்பெனிச் சுவர், ஷெட், ஏரியைப் பாதியில் அறுத்துப் போன புது ரோடு. வளைவாக இருந்ததையெல்லாம் எனக்கு முன்பே யாரோ நிமிர்த்தி வைத்திருந்தார்கள். காலையில் பத்து மணிக்கு மேல் விரல் இளகியதும் உட்கார்ந்தால், ஷிப்டுக்குக் கிளம்பும்வரை எழமாட்டேன். அந்த நேரத்தில் வலி மறந்துபோயிற்று என்று சொன்னால் அது பொய். வலித்தது. ஆனால் பச்சைக்குப் பக்கத்தில் எந்த மஞ்சளை வைப்பது என்ற யோசனையில் வலி ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தது. நான் ஒன்றைச் செய்கிறேன், அது எனக்குப் பிடித்திருக்கிறது என்பது அதுவரை எனக்கு நடந்திராத விஷயம். சந்தோஷமாக இருந்தேன்.

ஒருநாள் வாடகை வாங்க வந்த வீட்டுக்கார அக்கா போர்வையைக் கண்டு குனிந்தார். ஒரு மூலையில் விரலை வைத்தார்.

“இன்னாமே இது, எங்க கயனி மாரி கீதே. கெணறு எங்க?”

கிணறு வட்டம், எனக்கு வட்டம் வராது என்றேன்.

“எங்க கெணறு சதுரந்தான். வை.”

வைத்தேன். நீல நிறத்தில் ஒரு சதுரம், அவ்வளவுதான். அவர் அதன்பின் வாடகைக்கு வரும்போதெல்லாம் கிணற்றைப் பார்த்துவிட்டுத்தான் போவார். 

தைப்பதற்கு உதவியாகத்தான் விரல் உறை செய்தேன். ஊசியை இழுக்கும்போது வீங்கிய கணுவில் நூல் அறுத்தது. பனியன் துண்டையே குழாய் மாதிரிச் சுருட்டி, தையல் வெளிப்பக்கம் வரும்படி வைத்து, விரலுக்கு ஒன்றாகப் பத்து உறை. கதகதப்பாக இருந்ததால் வலியும் கொஞ்சம் அடங்கியது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். போட்டுக்கொண்டால் கையில் பத்துப் பொம்மைகள் நிற்பது போல இருக்கும்.

பிறகு ஷிப்டு மாற்றிக்கொள்ளக் கூடாது என்று கம்பெனியில் சட்டம் வந்தது. நான் காலை ஷிப்டுக்குப் போனேன். விடியும் முன் எழுந்து, அறைத்தோழி உறைகளை மாட்டிவிட, பஸ்ஸில் உட்கார்ந்தேன். இறங்கும்போது கழற்ற வரவில்லை. அப்படியே லைனில் போய் நின்றேன். பத்து மணிவரை, நீட்டிய விரல்களுக்கு நடுவே துண்டை இடுக்கிப் பிடித்து ஒப்பேற்றினேன். வாலாஜாபாத்திலிருந்து வந்துபோகும் எங்கள் சூப்பர்வைசர், கையில் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறாயே, என்ன இது என்றார். குளிருக்கு சார் என்றேன். அது மே மாதம். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ட்ரே நிறைந்தால் போதும் என்று போய்விட்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த இரும்புத் துண்டுக்கு எதிரி கீறல்கூட இல்லை, விரல் ரேகை. வெறும் கையால் தொட்டால், வியர்வை பட்ட இடத்தில் பத்து நாளில் துரு ஏறும். கம்பெனி கொடுத்த கையுறையிலிருந்து நூல் பிரிந்து பாகத்தில் ஒட்டியது என்று அதையும் நிறுத்தியிருந்தார்கள். மாதா மாதம் துரு என்று சரக்கு திரும்பி வரும், சூப்பர்வைசருக்குத் திட்டு விழும். அந்த மாதம் திரும்பி வந்ததில் என் ட்ரே ஒன்றுகூட இல்லை. அடுத்த மாதமும் இல்லை. பனியன் துணியிலிருந்து நூலும் பிரியவில்லை. அவர் என் கையை வந்து பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

எங்கள் கம்பெனியில் ஜப்பான்காரர்களுக்கும் பங்கு உண்டு. சின்னச் சின்ன முன்னேற்றங்களுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் கைஸன். யாராவது ஒரு யோசனை சொன்னால் அதை ஒரு தாளில் எழுத வேண்டும். அந்தத் தாளில் ‘ஏன்’ என்று ஐந்து கட்டங்கள். ஒரு காரணம் சொன்னால் அது ஏன், அதற்கு ஒரு காரணம் சொன்னால் அது ஏன் என்று ஐந்து தடவை தோண்டினால், ஐந்தாவதில் மூலகாரணம் கிடைத்துவிடும் என்பது அவர்கள் சித்தாந்தம். எங்கள் ஊரில் இரண்டாவது தடவை ஏன் என்று கேட்டாலே வாய்க்கொழுப்பு என்பார்கள்.

சூப்பர்வைசர் என்னை உட்காரவைத்துக் கேட்டு எழுதினார். துரு ஏன் வரவில்லை? விரல் உறை போட்டதால். உறை ஏன் போட்டாய்? வீட்டில் போட்டிருந்தேன், அப்படியே வந்துவிட்டேன். வீட்டில் ஏன்? தைப்பதற்கு. ஏன் தைக்கிறாய்? இங்கே நான் நிறுத்தினேன். இதற்குப் பதில் சொன்னால் அடுத்த கட்டத்தில் என் நோய் உட்கார்ந்திருக்கிறது. பொழுதுபோக்கு என்றேன். அவர் சந்தோஷமாக ‘ஹாபி’ என்று எழுதினார். ஐந்தாவது ஏனுக்கு அவரே யோசித்து, தொழிலாளர் திறமையைக் கம்பெனி ஊக்குவிப்பதால் என்று முடித்தார். நான் தலையாட்டினேன். மூலகாரணம் இவ்வளவு அழகாகக் கிடைக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

என் பத்து உறைகளையும் மாதிரிக்கு என்று வாங்கிக்கொண்டு போனார்கள். என் யோசனை அந்த மாதத்தின் சிறந்த கைஸன் ஆயிற்று. ஜப்பானிலிருந்து வரும் பெரிய அதிகாரி முன்னால் நான் நின்று விளக்க வேண்டும் என்றார்கள். எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டேன். காலை ஏழு மணி மீட்டிங் என்றார்கள்.

மீட்டிங் அன்று விடியற்காலையில் அறைத்தோழி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். கையை அதில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “நீ பேச மட்டும்தானட்டி செய்யணும், வாய்க்கு என்ன வாதமா?” என்று தைரியம் சொன்னாள். அவள் சொன்னது சரிதான். எல்லாப் பதிலையும் மனப்பாடம் செய்திருந்தேன்.

அதிகாரி வயதானவர், சாது. எல்லோரும் போட்டிருந்த அதே சட்டை. மொழிபெயர்க்க ஒரு பெண் கூட வந்திருந்தாள். வெள்ளைப் பலகையில் ஐந்து கட்டங்களும் காலியாக இருந்தன. கண்டுபிடித்தவரே தன் கையால் எழுதினால்தான் தனக்குத் திருப்தி என்று அவர் சொன்னதாகச் சொன்னார்கள். தமிழிலேயே எழுதலாமாம். பெரிய மரியாதை அது. சூப்பர்வைசர் மார்க்கரை என்னிடம் நீட்டினார்.

வாங்கினேன். விரல் மூடவில்லை. மார்க்கர் தரையில் விழுந்து உருண்டது. எடுத்துக் கொடுத்தார்கள், இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துப் பிடித்தேன். மூடியைத் திறக்க வேண்டுமே. லைன் முழுக்க வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பல்லால் கடித்துத் திறக்கலாமா என்றுகூட நினைத்தேன். சூப்பர்வைசர் என் பக்கம் சாய்ந்து, “எய்தும்மா, நேத்து சொல்லிக்குடுத்ததுதானே?” என்றார். அவர் குரலில் பயம் இருந்தது. அவருக்கும் இது பெரிய நாள்.

பொய்யை வாயால் சொல்ல எனக்கு ஒரு சங்கடமும் இல்லை, அதுவரை எத்தனையோ சொல்லியிருக்கிறேன். எழுதத்தான் முடியவில்லை.

“எழுத முடியாது சார். காலைல எனக்கு வெரல் மடங்காது, வாத நோய். வெரல் நின்னு போயிரக் கூடாதுன்னுதான் தைக்கேன். தைக்கும்போது வலிக்குன்னுதான் இந்த உறை.”

மொழிபெயர்ப்புப் பெண் அதை அவருக்குச் சொன்னாள். அதிகாரி என் கையைப் பார்த்தார். பிறகு அவரே மார்க்கரை வாங்கி, நான் சொன்னதை ஐந்தாவது கட்டத்தில் எழுதினார். எழுதி முடித்துத் தலையைக் குனிந்து எனக்கு வணக்கம் சொன்னார். இத்தனை வருடத்தில் இந்தியாவில் தான் பார்த்த முதல் உண்மையான மூலகாரணம் இது என்றாராம். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது, கேலியாகச் சொல்லவில்லை. மூன்று வருடம் மூடி வைத்ததைத் திறந்த மாதிரி லேசாக இருந்தது.

நான் பலகையை முழுதாகப் படிக்கவில்லை. ஐந்து கட்டங்களுக்கு அடியில் இன்னொரு கட்டம் இருந்தது: மூலகாரணம் மீண்டும் தலையெடுக்காமல் இருக்க நிரந்தர நடவடிக்கை, பொறுப்பு யார், எந்தத் தேதிக்குள். அதையும் நிரப்பினார்கள்: பொறுப்பு பர்சனல் டிபார்ட்மென்ட், தேதி மாதக் கடைசி. கேன்டீன் சாம்பாரில் பருப்பு போடும் நடவடிக்கை ஒன்றரை வருடமாக முடியாமல் கிடந்த கம்பெனி அது. என் விஷயத்தைத் தேதிக்கு நான்கு நாள் முன்பே முடித்துவிட்டார்கள். அதே கம்பெனி டாக்டர், இந்தத் தடவை காலை எட்டு மணிக்குப் பார்த்தார். லைன் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதினார். அவரைக் குறை சொல்ல முடியாது, என் கை அப்போது எனக்கே தகுதியாகத் தெரியவில்லை. அந்த வாரமே பரிசும் வந்தது, ஒரு ஹாட்பாக்ஸ். மூடியைத் திருகித் திறக்க வேண்டும்.

சூப்பர்வைசர் கேட் வரைக்கும் வந்தார். ஹாபி என்றே சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

கோபமெல்லாம் அறைக்குப் போன பிறகு வந்தது. போர்வையில் கம்பெனியைத் தைத்தேன். நீளமாக ஒரு ஷெட், சுற்றிலும் சுவர். வாசல் வைக்கவில்லை. வீட்டுக்கார அக்கா பார்த்துவிட்டு, இதுக்கு எப்படி உள்ளே போறது என்றார். யாரும் போக வேண்டாம் என்றேன். ஊரில் அப்பா கிளம்பி வா என்றார். அங்கே போனால் விஷயத்தை மறைத்து யாருக்காவது கட்டிவைப்பார்கள், திரும்பவும் முதலிலிருந்து ஒளிக்க வேண்டும். இங்கேயே ஏதாவது செய்து பிழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என்ன செய்து என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்த வேலை ஒன்றே ஒன்று, அதைச் செய்யத் தகுதியில்லை என்று கையில் காகிதம் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கார அக்கா ஒரு மூட்டையோடு வந்தார். அவருடைய தம்பி ஒருவர் ஒரகடம் ரோட்டில் தையல் யூனிட் வைத்திருந்தார். ஏதோ கம்பெனிக்கு விரல் உறை வேண்டுமாம், வீட்டில் வைத்துத் தைக்கப் பெண்கள் தேவையாம். மூட்டையைப் பிரித்தேன். சாம்பல் நிறப் பனியன் துணி, ஒரே நிறம். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். அவர் எங்கள் கம்பெனியின் பெயரைச் சொன்னதும் சிரித்துவிட்டேன். மாட்டிக்கொள்ளத் தகுதியில்லாதவள் தைக்கலாம் போலிருக்கிறது.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ரோஷம் இருந்தது, ஆனால் அதை வைத்து உலை வைக்க முடியாது. லைனில் இருந்த பெண்களை நினைத்துக்கொண்டு, அவர்களுடைய நல்ல விரலுக்குப் பொருந்தும்படி நேராக, ஒழுங்காகத் தைத்துக் கொடுத்தேன். நேர்கோடு எனக்குக் கைவந்த கலை. ஒரு வாரத்தில் மூட்டை அப்படியே திரும்பி வந்தது, ரிஜெக்ட். கூடவே கம்பெனி டிராயிங்கின் ஜெராக்ஸ் ஒன்று.

அக்காவின் தம்பி அதைத் தரையில் விரித்துக் காட்டினார். உறையின் படம், அடியில் அகலம், நுனியில் அகலம், மில்லிமீட்டரில். நடுவில் மட்டும் இரண்டு பக்கமும் புடைத்திருந்தது, பாம்பு எதையோ விழுங்கின மாதிரி. அந்தப் புடைப்புக்குத் தனியாக அளவு போட்டு, கட்டாயம் என்று கோடிட்டிருந்தார்கள். பத்து விரலுக்கும் அதே படம். அதை எங்கே அளந்தார்கள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மாதிரிக்கு வாங்கிப் போன பத்தில், வலது ஆள்காட்டி விரலுக்கு நான் தைத்தது அது. அந்தக் கணுதான் எல்லாவற்றிலும் மோசமாக வீங்கியிருந்தது.

“இன்னாத்துக்குமே நடுவுல இந்த வீக்கம்?” என்று அக்கா கேட்டார்.

“டிசைன் அப்படிக்கா” என்றேன்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்து, புடைப்பு வைத்துத் திரும்பத் தைத்தேன். நான்கு நாள் ஆனது. அளவு சரியா என்று பார்க்க ஸ்கேல் தேவைப்படவில்லை. ஒவ்வொன்றாக என் வலது ஆள்காட்டி விரலில் மாட்டிப் பார்த்தேன். கணுவில் பிடித்து நின்றால் சரி, தளர்ந்தால் பிரித்துத் தைப்பேன். தகுதியில்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்த விரல் பாஸ் செய்ததைத்தான் மூட்டையில் போட்டேன். அந்தத் தடவை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.